கனமான வெள்ளைப் பொடி

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணையில் இறங்கி, கடலூரின் புறநகர்களுக்குள் புகுந்தது. அப்படித் தண்ணீர் புகுந்த வீடுகளில் ஒன்று, மண்பாண்டத்தின் மேல் கண்ணாடிபோல உருகிப் படியும் பூச்சான கிளேஸைக் கலக்க எனக்குக் கற்றுக்கொடுத்த ஐயாவின் வீடு. ஐயா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பின்கட்டில் அவருடைய சரக்கறை மட்டும் அவர் விட்டுப்போனபடியே இருந்தது. தண்ணீர் வடிந்தபோது மூட்டைகளும் டப்பாக்களும் மிஞ்சின. அவற்றில் ஒட்டியிருந்த காகிதச் சீட்டுகள் கூழாகிப் போயிருந்தன.

"உனக்கு ஆகிறதை எடுத்துக்கொள் பாப்பா, மீதியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம்" என்றார் ஐயாவின் மனைவி. நான் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். பேரனுக்கு வேறு எண்ணம். தாத்தாவின் தொழிலைத் தானும் செய்ய வேண்டும் என்ற ஆசை அவனுக்கு வந்திருக்கிறது. "எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து ஓட்டில் தடவிச் சுட்டுப் பார்த்தால் எது என்னவென்று தெரிந்துவிடாதா அக்கா?" என்று கேட்டான்.

இரண்டும் வேண்டாம் என்றேன். பழைய சாமான்காரர் தகர டப்பாவுக்காகப் பொடியைத் தெருவோரம் கொட்டிவிடுவார். சூளைக்குள் வைத்தாலோ, பொடியில் ஈயம் இருந்தால் அது ஆவியாகிச் சூளைச் சுவரிலும் தட்டுகளிலும் படியும். அடுத்த முறை சுடுகிற தேநீர்க் கோப்பைக்கு அங்கிருந்து போய்ச் சேரும். பெயர் தெரியாத பொடி ஒன்று கைக்கு வந்தால், அது மிக மோசமாக எதுவாக இருக்கக்கூடும் என்று முதலில் கணக்குப் போட வேண்டும். பெயரைக் கண்டுபிடிப்பது அதற்குப் பிறகு வருகிற வேலை. பல டப்பாக்களுக்கு அந்த வேலையே தேவையில்லை, ஒதுக்கி வைத்தால் போதும். இதைத்தான் அந்தப் பையனுக்குப் புரியவைக்க விரும்பினேன். இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விருத்தாசலத்தில் நான் செராமிக் டிப்ளமோ படித்த காலத்தில், தொழிற்பேட்டையில் ஃப்யூஸ் கட்டைகளும் பொம்மைகளும் செய்துகொண்டிருந்த பழைய கைகள் பலர் களிமண்ணை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார்கள். சைனா கிளே என்கிற வெள்ளைக் களிமண் நாக்கில் ஒட்டும், சிலிக்கா கல்லான குவார்ட்ஸின் பொடி ஒட்டாமல் நறநறவென்று இருக்கும். அவர்களுடைய அனுபவத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அவர்கள் நாக்கில் வைத்தது சுரங்கத்திலிருந்து எந்த லாரியில் வந்தது என்று தெரிந்த மண்ணை. சீட்டு போன டப்பாவிடம் அந்த வித்தை காட்டக் கூடாது. பேரியம் கார்பனேட் என்று ஒரு பொருள் இருக்கிறது: வெள்ளை, மணமில்லை, தண்ணீரில் கரையாது, பார்வைக்கு சாக் பொடிதான். எலி மருந்தாகவே பயன்பட்டிருக்கிறது. வயிற்றுக்குள் போனால் அங்குள்ள அமிலம் அதைக் கரைத்துவிடும். இரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து, தசைகள் செயலிழந்து, இதயத் துடிப்பே தாறுமாறாகும். மண்பாண்டக்காரர் வீட்டில் இது எதற்கு என்று கேட்கலாம். களிமண்ணில் இருக்கும் சல்பேட் உப்புகள் சுட்ட பிறகு மேலே வெள்ளையாகப் பூக்காமல் இருக்க மண்ணோடு சிறிது கலப்பார்கள். மேட் கிளேஸ் என்கிற பளபளப்பில்லாத பூச்சுக்கும் கலப்பார்கள். ஆகவே ஐயாவின் அறையில் அது இருக்க எல்லாக் காரணங்களும் இருந்தன.

அடுத்தது தூசி. நஞ்சே இல்லாத குவார்ட்ஸும், சூளை வெப்பத்தில் உருகும் கல்லான பெல்ட்ஸ்பாரும் நுரையீரலுக்கு நல்லவை அல்ல. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சிலிக்கா உள்ளே போய்த் தங்கி, ஆண்டுக்கணக்கில் தழும்பு போட்டுக்கொண்டே இருக்கும். அதுதான் சிலிக்கோசிஸ். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலிலேயே அதை வைத்திருந்தது. குணப்படுத்தும் மருந்து கிடையாது. முகத்தில் கட்டும் கைக்குட்டையோ முந்தானையோ அதைத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்துகிற என்-95 முகக்கவசம் குறைந்தபட்சம் வேண்டும். அறையைப் பெருக்கவே கூடாது, ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். அம்மா துடைப்பத்தோடு வந்து நின்றபோது அதை வாங்கி வெளியே வைத்துவிட்டு, அவரை முன்வாசலில் உட்காரச் சொன்னேன். "இத்தனை வருடம் நான்தானே பெருக்கினேன்" என்றார். அந்த வார்த்தை என்னை வெகுநேரம் வருத்தியது.

டப்பாக்களைத் தொடுவதற்கு முன் ஐயாவின் நோட்டுப் புத்தகங்களைத்தான் கேட்டு வாங்கினேன். மேல் அலமாரியில் இருந்ததால் அவை தப்பித்திருந்தன. யாருடைய சரக்கறையாக இருந்தாலும் இதையே செய்வேன். அவர் என்ன செய்தார், எவ்வளவு வெப்பத்தில் சுட்டார், எந்தக் கடையில் வாங்கினார் என்று தெரிந்தால், அறையில் என்னென்ன இருக்க முடியும் என்ற பட்டியல் பாதி சுருங்கிவிடும். பிற்காலத்துப் பக்கங்கள் முழுவதும் ஸ்டோன்வேர், அதாவது உயர்ந்த வெப்பத்தில் கல்போல இறுகச் சுடும் பாண்டம். இந்தப் பகுதியில் ஸ்டோன்வேர் வேரூன்றியது, 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகுதான். ஐயாவும் அந்தக் காற்று பட்டு, மின்காப்புப் பீங்கான் வேலையை விட்டு ஜாடிகளும் கோப்பைகளும் செய்யத் தொடங்கியவர். ஒரு பக்கத்தில் 'பெ 40, கு 30, வை 20, சை 10' என்று எழுதியிருந்தார். பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், வைட்டிங் எனப்படும் கால்சியம் கார்பனேட், சைனா கிளே. 1280 டிகிரிக்கு மேல் சுடுகிறவர்கள் உலகமெங்கும் பயன்படுத்துகிற பழைய விகிதம் இது. அந்த வெப்பத்தில் பெல்ட்ஸ்பாரே உருகிக் கண்ணாடியாகிவிடும் என்பதால் ஈயத்துக்கு அங்கே வேலை இல்லை. பெரிய மூட்டைகள் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது.

அதற்கு முந்தைய நோட்டு வேறு கதை சொன்னது. அது பொம்மைக் காலம். கொலு பொம்மைகளும் சின்ன வண்ண ஜாடிகளும் ஆயிரத்துச் சொச்சம் டிகிரியில் சுட்டவை. பக்கத்துக்குப் பக்கம் 'ரெ.லெ.' என்ற சுருக்கெழுத்து. ரெட் லெட், அதாவது சிவப்பு ஈயம். ஓரிடத்தில் 'மிருதார் சிங்கி' என்றே எழுதி, பக்கத்தில் நாட்டு மருந்துக் கடை விலையைக் குறித்திருந்தார். மிருதார் சிங்கியும் ஈய ஆக்சைடுதான். குறைந்த வெப்பத்தில் கிளேஸை உருக்க அந்தக் காலத்தில் எளிதாகக் கிடைத்த வழி அது. ஆகவே அறையில் ஈயம் இருந்தது. எந்த டப்பாவில் என்பதுதான் கேள்வி.

இங்கே எடையை முதல் சாட்சியாகக் கூப்பிட வேண்டும். ஒரே அளவுள்ள எவர்சில்வர் கிண்ணம், சமையலறைத் தராசு, கடையிலிருந்து புதிதாக வாங்கிய பெல்ட்ஸ்பார், இவை போதும். பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், சைனா கிளே, வைட்டிங், மாக்கல் பொடியான டால்க் எல்லாமே தண்ணீரைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தி கொண்டவை. பேரியம் கார்பனேட் 4.3. வெள்ளை ஈயம் 6.7. சிவப்பு ஈயம் 8.3. மிருதார் சிங்கி 9.5. ஒரே கிண்ணத்தைத் தலைதட்டி நிரப்பினால் இந்த வேறுபாடு தராசு வருவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். பஞ்சுபோலப் புசுபுசுவென்று அரைத்த துத்தநாக ஆக்சைடு மட்டும் ஏமாற்றும். அதன் உண்மையான அடர்த்தி 5.6, ஆனால் கிண்ணத்தில் இலேசாகவே நிற்கும். அதனால் இலேசாக இருப்பதைப் பாதுகாப்பானது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. கனமாக இருப்பதை மட்டும் ஆபத்தானது என்று உடனே முடிவு கட்டலாம். டின் ஆக்சைடும் சிர்க்கோன் பொடியும் கனமானவைதான், பெரிய தீங்கில்லாதவைதான். அவற்றையும் சேர்த்து ஒதுக்குவதால் கொஞ்சம் பணம் போகும். போகட்டும்.

வினிகர் சோதனையை எடைக்குப் பிறகுதான் செய்ய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். ஒரு சிட்டிகைப் பொடியின் மேல் வினிகர் விட்டால் வைட்டிங் சட்டென்று நுரைக்கும். மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட் குளிர்ந்த வினிகரில் மெதுவாக, தயங்கித் தயங்கிக் குமிழிடும். சைனா கிளே, குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார், டால்க் எதுவும் அசையாது. எளிய சோதனைதான். ஆனால் பேரியம் கார்பனேட்டும் கார்பனேட்டுதான், வெள்ளை ஈயமும் அப்படியே. அவையும் அமிலத்தோடு சேரும். அப்படிச் சேர்ந்தால், அதுவரை தண்ணீரில் கரையாமல் இருந்த நஞ்சு கரைகிற நஞ்சாக மாறிவிடும். ஈயமும் வினிகரும் சேர்ந்தால் கிடைக்கும் ஈய அசிடேட் இனிப்பாக வேறு இருக்கும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அப்படி ஒரு கிண்ணம் திண்ணையில் இருப்பதை நினைக்கவே முடியவில்லை. கனமான வெள்ளைப் பொடியின் மேல் வினிகர் விடாதீர்கள். கழிவறை ஆசிட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

நிறமுள்ளவற்றுக்கு நான் அதிக நேரம் கொடுக்கவில்லை. பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் எதுவாக இருந்தாலும் மூடியைத் திறக்காமலே ஒதுக்கினேன்: ஈயம், ஈயத்தோடு சேர்ந்த ஆன்டிமனி, காட்மியம் என்று அந்த நிறங்களின் பின்னால் நிற்கிற பெயர்கள் எதுவும் நல்லவை அல்ல. ஒரு டப்பா துருப்பிடித்து, அடியில் ஆரஞ்சுக் கறை தரையில் ஓடியிருந்தது. தண்ணீரில் கரைந்து ஓடுகிற ஆரஞ்சுப் படிகம் என்றால் பொட்டாசியம் டைகுரோமேட்டாக இருக்கலாம். புற்றுநோய் உண்டாக்கும், தோலையும் அரிக்கும். அந்த இடத்தைக் கையுறை போட்டு ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியையும் அந்த டப்பாவோடு சேர்த்துக் கட்டினேன். மங்கிய செங்காவி நிறம் மட்டும் நம்பத்தக்கது. இரும்பு ஆக்சைடு தொட்ட இடமெல்லாம் காவிக் கறையாக்கும், சிவப்பு ஈயத்தின் ஆரஞ்சுச் சாயல் அதில் இருக்காது. கறுப்புப் பொடிகளில் காந்தத்துக்கு ஒட்டியது கறுப்பு இரும்பு ஆக்சைடு. ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் பொங்கியது பெரும்பாலும் மாங்கனீசு டை ஆக்சைடு. அதுவும் சூளைப் புகையில் கலந்து தொடர்ந்து மூச்சில் போனால், கைகால் நடுக்கம் வரை கொண்டுபோய் விடக்கூடிய பொருள்தான். சின்ன மருந்துப் புட்டியில் பத்திரமாக இருந்த கறுப்பு, கோபால்ட்டாக இருக்க வேண்டும். விலை அதிகம் என்பதால் யாரும் அதை மூட்டையாக வாங்க மாட்டார்கள். தெளிந்த கிளேஸில் நூற்றுக்கு அரைப் பங்கு போட்டாலே நீலம் காட்டிவிடும்.

ஈயம் காட்டும் துடைப்புக் குச்சிகள் கிடைக்கின்றன. அவை சிவந்தால் ஈயம் இருக்கிறது என்று கொண்டு ஒதுக்கிவிடலாம். சிவக்காவிட்டால் ஈயம் இல்லை என்று கொள்ளக் கூடாது. ஈயத்தை முன்பே கண்ணாடியாக உருக்கி அரைத்த ஃப்ரிட் பொடியில் ஈயம் உள்ளே அடைபட்டிருக்கும், குச்சிக்குச் சிக்காது. "நகைக்கடையில் தங்கம் பார்க்கிற இயந்திரத்தில் வைத்துப் பார்க்கலாமா?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. அதுவும் எக்ஸ்ரே பாய்ச்சி உலோகங்களை அடையாளம் காண்கிற அதே முறைதான். ஆனால் அது தங்கக் கலவைக்கென்று அளவு திருத்தியது. பொடியைக் கொண்டுபோய் அடுத்தவர் கடையில் திறப்பதும் முறையில்லை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அடைத்த பையில் சிறிது அனுப்பலாம், அதற்குக் கட்டணம் ஆகும். பெல்ட்ஸ்பாரோ வைட்டிங்கோ புதிதாக வாங்க ஆகும் செலவு அதைவிடக் குறைவு. அதனால் நான் ஆய்வகத்துக்குப் பொடிகளை அனுப்பவில்லை. அங்கே அனுப்ப வேண்டியது வேறொன்று இருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இலேசான வெள்ளை மூட்டைகளுக்கு மட்டும் நெருப்புச் சோதனை. இதை நான் ரசித்துச் செய்தேன் என்பதை மறைக்க மாட்டேன். வெள்ளத்தில் நனைந்தவை என்பதால் முதலில் 110 டிகிரியில் நன்றாக உலர்த்தினோம். பிறகு ஒவ்வொன்றிலும் 10 கிராம் எடுத்து, கிளேஸ் இல்லாத சுட்ட கிண்ணங்களில் வைத்து, ஆயிரம் டிகிரி வரை ஏற்றி, ஆறிய பிறகு மறுபடி எடை போட்டோம். வைட்டிங் தன்னுள் இருந்த கரியமில வாயுவை விட்டுவிட்டு 5.6 கிராமாக நிற்கும். டோலமைட் 5.2. சைனா கிளே தன் கட்டமைப்பில் இருந்த நீரை இழந்து 8.6. டால்க் 9.5. குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும் ஏறக்குறைய போட்ட எடையே. தராசில் 8.6 என்று விழுந்தபோது பையன் சத்தம் போட்டுச் சிரித்தான். அது நெய்வேலியில் நிலக்கரிக்கு மேல் படிந்திருக்கும் வெள்ளை மண்ணாக இருக்கலாம், ஐயா அந்த மண்ணைத்தான் விரும்பி வாங்குவார். குவார்ட்ஸையும் பெல்ட்ஸ்பாரையும் பிரிக்க இன்னொரு முறை 1280 டிகிரிக்குப் போக வேண்டியிருந்தது. பெல்ட்ஸ்பார் பால்வெள்ளைக் கண்ணாடியாக உருகிக் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது, குவார்ட்ஸ் பொடியாகவே கிடந்தது. சுட்ட வைட்டிங்கை மட்டும் வெறும் கையால் தொடக் கூடாது. அது சுட்ட சுண்ணாம்பு, ஈரம் பட்டால் கொதிக்கும்.

வெள்ளம் எங்களுக்கு ஒரு உதவியும் செய்தது. பாரிஸ் சாந்து மூட்டை பாறையாக இறுகியிருந்ததால் அதைத் தேட வேண்டியதில்லை. வெங்காரமும் சோடா உப்பும் பாதி கரைந்து ஓடிவிட்டு, மிச்சம் கட்டியாகி நின்றன. ஆனால் அவை கரைந்து ஓடிய இடத்தில் இருந்த மூட்டைகளின் அடிப்பகுதியைப் பயன்படுத்த முடியாது. அவற்றுக்குள் என்ன போயிருக்கிறது என்று எந்தத் தராசும் சொல்லாது. மேல்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். டால்க் என்று தெரிந்த பையை எடுத்துக்கொள்ளவில்லை. சில சுரங்கங்களின் டால்க்கில் ஆஸ்பெஸ்டாஸ் வகை நார்கள் கலந்திருக்கும், இது எந்தச் சுரங்கத்தது என்பதற்கு ரசீது இல்லை.

எஞ்சிய கனமான பொடிகளை இரட்டைப் பைகளில் கட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் வைத்து, 'ஈயம், பேரியம் இருக்கலாம். திறக்காதீர்கள்' என்று எனாமல் பெயின்ட்டால் தமிழில் எழுதினோம். சாக்கடையிலோ ஆற்றிலோ தோட்டத்துக் குழியிலோ இவை போகக் கூடாது. கடலூர் மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் ஏற்கெனவே உள்ள சுமை போதும். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி இவை போக வேண்டிய இடம் தனி. எங்கே ஒப்படைப்பது என்று கேட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை டிரம் பூட்டிய அறையில், தரையிலிருந்து உயரமாக இருக்கும்.

ஆய்வகத்துக்கு அனுப்பியது அம்மாவின் ஊறுகாய் ஜாடியை. பொம்மைக் காலத்தில் ஐயா செய்து கொடுத்தது: தேன் நிறம், உள்ளும் புறமும் பளபளப்பு, விளிம்பில் சிறிய பச்சைக் கோடு. அம்மா எலுமிச்சை ஊறுகாயை அதில்தான் போடுவார். நோட்டில் 'ரெ.லெ.' பார்த்ததிலிருந்து என் கண் அதன் மேலேயே இருந்தது. உப்பும் புளிப்பும் மாதக்கணக்கில் கிளேஸோடு ஒட்டிக் கிடந்தால், சரியாகக் கண்ணாடியாகாத ஈயத்தை அவை கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். ஊறுகாய், புளிக்குழம்பு, மோர் என்று நம் சமையலறையில் புளிப்பில்லாதது எது? 4 சதவீத அசிடிக் அமிலத்தை ஜாடியில் ஊற்றி 24 மணிநேரம் வைத்து, அதில் எவ்வளவு ஈயம் இறங்கியது என்று அளக்கும் சோதனை உலகமெங்கும் பெரும்பாலும் ஒன்றுதான். அமெரிக்காவில் தேநீர்க் கோப்பைக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் வரைதான் அனுமதி. உடலில் சேரும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளையை அது அதிகமாகப் பாதிக்கிறது.

அறிக்கை வந்தது. ஜாடி தேறவில்லை, வரம்பை வெகுதூரம் தாண்டியிருந்தது. அம்மா ஊறுகாயைக் கொட்டும்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு, "அவருக்கு இது தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டார்" என்றார். எனக்கும் அதில் சந்தேகமே இல்லை. அம்மாவுக்கு ஈய அளவு பார்க்கும் இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறோம். பேரனுக்கும், பக்கத்து வீட்டில் வளரும் கொள்ளுப்பேத்திக்கும் சேர்த்துத்தான்.

இப்போது நடந்துகொண்டிருப்பது தொலைபேசி வேலை. தேன் நிற ஜாடிகளை ஐயா கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் பரிசாகக் கொடுத்திருக்கிறார். யார் யாருக்கு என்று அம்மாவுக்கு மனப்பாடம்: பண்ருட்டியில் நாத்தனார், நெல்லிக்குப்பத்தில் சம்பந்தி வீடு, அரியாங்குப்பத்தில் இரண்டு பேர், சிதம்பரத்தில் ஒரு டீச்சர். ஒவ்வொருவரையும் அம்மாவே அழைத்துப் பேசுகிறார். உடைக்கச் சொல்லவில்லை. "அதில் ஊறுகாய், புளி, தயிர் எதுவும் வேண்டாம். உப்பு, பருப்புகூட வேண்டாம். பேனா போட்டு வைத்துக்கொள்" என்கிறார். சிதம்பரம் டீச்சரின் எண் மாறிவிட்டது. அவருடைய பழைய பள்ளியில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.